எல்லிஸ் துரை கண்ட சான்று

மைசூருக்குப் படிக்க வந்த தமிழ் மாணவன் எவனும் ஒரு கேள்வியிலிருந்து தப்பியதில்லை. விடுதி உணவறையிலோ, குக்கரஹள்ளி ஏரிக்கரையிலோ, ஏதோ ஒரு மாலைப் பொழுதில் அது எழுந்தே தீரும். கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததா, இல்லையா? நம்மவர் சிலர் பிறந்ததுதான் என்று மார்தட்டுவர், கன்னட நண்பர் முகம் சிவப்பர், காபி ஆறிப்போகும். 2025ஆம் ஆண்டில் இக்கேள்வி விடுதிகளைத் தாண்டி உயர்நீதிமன்றம் வரை சென்றதை நாம் அறிவோம்.

இத்தனை சூடான கேள்விக்கு, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அமைதியாக விடை எழுதி அச்சேற்றி வைத்துவிட்டார். அவர் தமிழருமல்லர், கன்னடருமல்லர். சென்னைப் பட்டணத்தில் வரி தண்டிய கலெக்டர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பது அவர் பெயர். சென்னையில் அவர் வெட்டுவித்த கிணற்றின் கல்வெட்டு அவரை எல்லீசன் என்றே தமிழாக்கி அழைக்கிறது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த துரைமகன் என்ற அளவில் அவரை நம்மவர் பலரும் அறிவர். அவர் மொழியாராய்ச்சியில் செய்த செயலோ அதனினும் பெரிது. அதை அறிந்தவர் சிலரே.

எல்லிஸ் 1777இல் பிறந்தவர். 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பத்தொன்பது வயது இளைஞர். நம்மில் பலர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் வயது அது! அக்காலத்துக் கம்பெனி ஊழியர் பலர் இந்நாட்டு மொழி எதையும் கல்லாமலே, துபாஷிகளின் நாவை நம்பிக் காலங்கழித்துப் பணம் சேர்த்துக்கொண்டு கப்பலேறினர். எல்லிஸ் அவ்வழியில் செல்லவில்லை. தமிழ் கற்றார், வடமொழி கற்றார். 1806இல் மசூலிப்பட்டணத்திற்கு நீதிபதியாக மாற்றப்பட்டபோது தெலுங்கு நாட்டின் நடுவே வாழும் வாய்ப்புக் கிட்டியது. 1809இல் சுங்கத்துறை அதிகாரியாகச் சென்னை மீண்டு, 1810இல் சென்னைக் கலெக்டரானார். இறக்கும் வரை அப்பதவியிலேயே இருந்தார்.

அவருடைய நண்பர்களுள் ஜான் லெய்டன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் ஒருவர். மொழிகளின்மீது பித்துக் கொண்டவர். திப்பு வீழ்ந்தபின் காலின் மெக்கன்சி நடத்திய மைசூர் நில அளவையில் மருத்துவராகப் பணியாற்றி, நோயுற்றுச் சீரங்கப்பட்டணத்தில் படுத்தபடியே மொழி கற்றவர். லெய்டனும் எல்லிஸும் தென்னாட்டு மொழிகளின் உறவைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டனர். ஆக, இக்கதையின் ஒரு நூலிழை நம் மைசூர் மண்ணிலும் ஓடுகிறது.

1812இல் சென்னையில் ஒரு கல்லூரி தோன்றியது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று பெயர். சீமையிலிருந்து வரும் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் நோக்கம். அதைத் திட்டமிட்டவரும், அதன் ஆட்சிக் குழுவில் முதன்மையானவரும் எல்லிஸே. மறைப்பதற்கு ஒன்றுமில்லை: ஆள்வதற்காகவே மொழி கற்பித்தனர். ஆயினும் எல்லிஸின் கைபட்டதும் அது வெறும் அதிகாரிப் பயிற்சிக்கூடமாக நிற்கவில்லை. நாட்டுப் புலவர்களை ஆசிரியர்களாக அமர்த்தி, அவர்களுக்கும் பயிற்சி தந்து, அச்சகம் நிறுவி, இலக்கணமும் அகராதியும் அச்சிடும் இடமாக வளர்ந்தது. வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடித் திரட்ட முத்துசாமிப் பிள்ளை என்பவரை எல்லிஸ் தென்பாண்டி நாட்டுக்கு அனுப்பினார். அப்பிள்ளையே பின்னர் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம், தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களுள் ஒன்று, 1826இல் இக்கல்லூரியின் வழியேதான் பிறந்தது. கல்லூரி 1854இல் மூடப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோடு என்ற பெயரில் அதன் நினைவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

பிறமொழியாளருக்கு மொழி கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை நம் வளாகத்திலேயே காணலாம். மானசகங்கோத்திரியில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தோன்றியது. அதைச் சார்ந்த தென்மண்டல மொழி மையத்திற்குப் பிற மாநிலப் பள்ளி ஆசிரியர்கள் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் கற்க வருகிறார்கள். முப்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் ழகரத்தோடு மல்லுக்கட்டுவதைக் கண்டவர்களுக்குத் தெரியும், கற்பிப்பவருக்கு மொழிப்பற்று மட்டும் போதாது என்பது. எது வேர், எது விகுதி, எது கடன்பட்ட சொல், எது சொந்தச் சொல் என்று பிரித்துச் சொல்லும் கலைச்சொற்கள் அவர் கையில் இருக்கவேண்டும். எல்லிஸின் கல்லூரிக்கும் இதே தேவை இருந்தது. அத்தேவையிலிருந்துதான் அவருடைய பெருங்கண்டுபிடிப்புத் தோன்றியது.

அன்றைய நிலை இதுதான். வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அறிவித்து அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தியிருந்தார். அதன்பின், இந்திய மொழிகள் எல்லாம் வடமொழியின் மக்களே என்ற எண்ணம் வேரூன்றியது. கோல்புரூக், வில்கின்ஸ், கேரி ஆகியோர் அனைவரும் பெரும்புலவர். அவர்களுடைய எண்ணம் இதுவே. கேரி 1814இல் தெலுங்கு இலக்கணம் ஒன்றும் வெளியிட்டார். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. தெலுங்கு நூலைத் திறந்தால் பக்கந்தோறும் வடசொல் கண்ணிற் படுகிறது. பார்த்தவர் பிள்ளை தாயைப்போல் இருக்கிறது என்றார்கள்.

எல்லிஸ் கேட்ட கேள்வி எளியது. கண்ணிற் படும் அச்சொற்கள் பிறப்பால் வந்தவையா, கடனாக வந்தவையா?

நம் நாட்டு இலக்கணப் புலவர்களிடம் இதற்கான கருவிகள் முன்பே இருந்தன. தெலுங்கு இலக்கணம் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம், கிராமியம் என்று வகுத்திருந்தது. வடமொழியிலிருந்து உருமாறாமல் வந்தது தற்சமம். நமக்குக் கமலம், காரணம் போல. திரிந்து வந்தது தற்பவம். பங்கஜம் பங்கயமானதும், விஷம் விடமானதும் போல. நாட்டுக்கே உரிய சொல் தேசியம். பேச்சில் மட்டும் வழங்குவது கிராமியம். நம் தொல்காப்பியமும் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பிரித்தது. பள்ளியில் இவற்றை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். இவற்றைக் கொண்டு ஒரு மொழியின் பிறப்பையே ஆராயலாம் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. எல்லிஸுக்கோ அந்த வகைப்பாடே வழிகாட்டிற்று. தற்சமமும் தற்பவமும் கடன். அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேசியத்தை மட்டும் எடுத்து நிறுத்திப் பார் என்பதே அவர் முறை. வேதியியல் கூடத்தில் கலவையைப் பிரித்த பிறகே பொருளைச் சோதிப்பதில்லையா? அதுபோல.

இப்பணியில் அவர் தனியாக நிற்கவில்லை. கல்லூரியின் தெலுங்குத் தலைமைப் புலவர் பட்டாபிராம சாஸ்திரி தெலுங்கு வினையடிகளைத் தொகுத்துத் தந்தார். மசூலிப்பட்டணத்து வணிகர் மாமிடி வெங்கய்யா தொகுத்த அகராதி சொல்வளம் தந்தது. இவ்விருவரும் இல்லையேல் எல்லிஸின் சான்று இல்லை. துரையின் பெயர் நிற்கிறது. புலவர் பெயரும் வணிகர் பெயரும் மறைந்துபோயின. நாமாவது சேர்த்துச் சொல்வோம்.

1816இல் அலெக்சாண்டர் டங்கன் காம்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணம் சென்னைக் கல்லூரியில் அச்சாயிற்று. அதன் முன்னுரையோடு சேர்ந்த குறிப்பாக எல்லிஸின் ஆராய்ச்சி வெளிவந்தது. மொழி வரலாற்றையே மாற்றிய ஓர் ஆராய்ச்சி, பிறர் நூலில் ஒதுக்குப்புறமாக வெளிவந்தது! நாற்பது வயது நிரம்பும் வரை தம் பெயரில் பெருநூல் எதுவும் வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி கொண்டிருந்தார் என்பர். இன்னும் கற்கவேண்டும், இன்னும் திருத்தவேண்டும் என்ற எண்ணம். அந்த அடக்கத்திற்கு அவர் கொடுத்த விலையைப் பின்னர்க் காண்போம்.

அக்குறிப்பில் சான்றுகளை அவர் மூன்றடுக்காக வைத்தார். முதலாவது வேர்கள். வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் அகரவரிசையில் அருகருகே நிறுத்தினார், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிறகு தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றின் வேர்களையும் வரிசையாக நிறுத்தினார், ஒட்டின. இரண்டாவது சொற்கள். தேசியச் சொற்களை எடுத்து மூன்று மொழியிலும் காட்டினார். மூன்றாவது தொடரமைப்பு. ஒரே கருத்தை மூன்று மொழியிலும் பெயர்த்து, சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் வருவதைக் காட்டினார்.

இந்த மூன்றாவது சான்றை நாம் நாள்தோறும் கடைத்தெருவில் கேட்கிறோம், கவனிப்பதில்லை. நான் நேற்று மைசூருக்கு வந்தேன் என்கிறோம் நாம். நானு நின்னெ மைசூரிகெ பந்தெ என்கிறார் கன்னட நண்பர். சொல் இருக்கும் இடம் அணுவளவும் மாறவில்லை. நேற்று வந்த பையன் என்பதை நின்னெ பந்த ஹுடுக என்கிறார். பெயரெச்சம் பெயருக்கு முன்னே அப்படியே நிற்கிறது. அந்த நின்னெ என்ற சொல்லும் அயலாரன்று. பழந்தமிழில் நேற்றுக்கு நென்னல் என்று ஒரு சொல் உண்டு. கடன் வாங்குபவர் சொல்லைத்தான் வாங்குவர். வாக்கியத்தின் முதுகெலும்பை எளிதில் வாங்குவதில்லை. காபியும் பஸ்ஸும் தமிழிலும் உண்டு, கன்னடத்திலும் உண்டு. அதனால் இரண்டும் ஆங்கிலத்திற்குப் பிறந்தவை என்று எவரேனும் சொல்வரா?

எல்லிஸ் கண்ட முடிவு தெளிவானது. தமிழும் தெலுங்கும் அவற்றின் இனமொழிகளும் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல. வடமொழி அவற்றை அழகுபடுத்தியிருக்கலாம், ஆனால் அவை வாழ அது இன்றியமையாததன்று. அவை தனியொரு குடும்பம். அக்குடும்பத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, குடகு ஆகியவற்றைச் சேர்த்தார். வடக்கே கங்கைக் கரையருகில் உள்ள ராஜமகால் மலைவாசிகளின் பேச்சிலும் இக்குடும்பச் சொற்கள் உண்டு என்று குறித்தார். அவற்றைத் தென்னிந்திய மொழிகள் என்று அழைத்தார். திராவிடம் என்ற பெயரைக் குடும்பத்திற்குச் சூட்டி உலகறியச் செய்தவர் கால்டுவெல். அவருடைய ஒப்பிலக்கணம் வந்தது 1856இல், சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து. கால்டுவெல்லின் பெருமை குறையவேண்டியதில்லை. வாய்க்காலாக வந்ததை ஆறாக்கியவர் அவர். ஆனால் ஊற்று எங்கே என்றும் கேட்கத்தானே வேண்டும்?

இப்போது நம் ஏரிக்கரைச் சண்டைக்கு வருவோம். எல்லிஸின் குடும்பத்தில் தாய் என்று எந்த மொழியையும் நடுவில் அமர்த்தத் தேவையில்லை. ஒரே மூலத்தினின்று கிளைத்த உடன்பிறப்புகள் இருந்தால் போதும். எல்லிஸுக்குப் பின் வந்தவர்கள் ஒலிமாற்றங்களை ஒழுங்காக ஆராய்ந்து இதை உறுதி செய்தனர். நம் காதுகளே அதற்குச் சாட்சி. பால் இங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருந்தது, பின்னரே ஹகரமாயிற்று. இவ்விடத்தில் பழமையைக் காத்தது தமிழ். இதைச் சொல்லி மகிழும் நாம் அடுத்ததைச் சொல்வதில்லை. செவிக்குக் கன்னடத்தில் கிவி. சிறுவிரலுக்குக் கிருபெரளு. இங்கே முன்னிருந்த ககரத்தைக் கன்னடம் காத்தது. இகர எகரங்களுக்கு முன் அதைச் சகரமாக மாற்றியது தமிழ். குக்கரஹள்ளி கெரெ என்கிறோமே, அந்தக் கெரெயும் அணை என்றும் நீர்நிலை என்றும் பொருள்படும் நம் சிறை என்னும் பழஞ்சொல்லும் ஒன்றே என்கிறது திராவிட வேர்ச்சொல் அகராதி. தமிழிலிருந்துதான் கன்னடம் பிறந்தது என்றால், தாயிடம் இல்லாத ககரம் மகளுக்கு எங்கிருந்து வந்தது? ஆளுக்கொன்றைக் காத்து ஆளுக்கொன்றை இழந்திருக்கிறோம். கடந்த ஆண்டு இதைக் கன்னட நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் தம் பக்கத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கிவிட்டார். அன்று காபி ஆறவில்லை.

எல்லிஸின் மற்றப் பணிகள் பல. காணியாட்சி முறை பற்றி 1818இல் நூல் வெளியிட்டார். யேசுர் வேதம் என்று ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த நூல் உண்மை வேதமன்று, பாதிரிமார் இயற்றியது என்று புதுச்சேரியில் இருந்த சுவடிகளைக் கொண்டு காட்டினார். இவற்றுள் ஒன்றை விஞ்ஞான மாணவர் மறக்கலாகாது. அம்மை குத்திக்கொள்ள மக்கள் அஞ்சிய காலம் அது. எல்லிஸ் தமிழில் ஒரு கதை எழுதினார். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாக, பசுவிடமிருந்து கிடைக்கும் மருந்தின் பெருமையை அதில் புகட்டினார். தந்திரம் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மக்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசியதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1818இல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றின் கல்வெட்டு தமிழ்ச் செய்யுளாக, திருக்குறளை மேற்கோள் காட்டி அமைந்தது. அறத்துப்பாலின் சில அதிகாரங்களுக்கு அவர் எழுதிய மொழிபெயர்ப்பும் விரிவுரையும் அச்சேறத் தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்றன.

நிற்கக் காரணம் மரணம். நாற்பது வயது கடந்தது. இனி எழுதலாம் என்ற காலம் வந்தது. தென்பாண்டி நாட்டில் பயணம் செய்தவர் 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் இறந்தார். வாந்திபேதி என்று எழுதினவரும் உண்டு; மருந்தென்று எண்ணித் தவறுதலாக நஞ்சை உட்கொண்டார் என்பதும் உண்டு.

இருபது ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் கட்டுக்கட்டாக இருந்தன. குடும்பத்தார் எவரும் அருகில் இல்லை. உடைமைகள் ஏலத்தில் போயின. காகிதங்களை எவரும் கேட்கவில்லை. மதுரையில் பெட்ரி என்னும் அதிகாரியின் வீட்டுச் சமையற்காரர் மாதக்கணக்கில் அக்காகிதங்களைக் கொண்டு அடுப்பு மூட்டினார், கோழி வாட்டினார் என்று பிற்காலத்தில் வால்டர் எலியட் எழுதிவைத்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆராய்ச்சிக் குறிப்பேட்டை ஒருமுறை பேருந்தில் தொலைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அது மூன்று மாத உழைப்பு. இவர் எரிந்தது இருபது ஆண்டு.

எலியட் தம்மால் இயன்றவரை மிச்சத்தைத் தேடித் திரட்டினார். அது ஜி. யு. போப் கைக்கு வந்து, அவரால் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தது. லண்டனிலும் எடின்பரோவிலும் வேறு கடிதங்கள் கிடந்தன. அமெரிக்க வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் இவற்றையெல்லாம் தேடிப் படித்து 2006இல் ஒரு நூல் எழுதினார். திராவிடச் சான்று என்ற பெயரில் அது தமிழிலும் வந்துள்ளது. எரிந்தவற்றில் என்ன இருந்தது என்று இனி எவரும் அறியப் போவதில்லை. எரியாமல் நின்றது, 1816இல் காம்பெலின் தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் அச்சான அந்தக் குறிப்பு. தமிழுக்கு உரிய சான்று தெலுங்கு இலக்கணத்துக்குள் இருக்கிறது. அதைக் கன்னட நாட்டில் அமர்ந்து நாம் படிக்கிறோம்.